ஒத்தும் ஒழுங்காக்கியும்

நாதசுரக் கச்சேரியில் நம் கண்ணும் செவியும் நாதசுரக்காரரையும் தவில்காரரையுமே நாடுகின்றன. அவர்களுக்குப் பின்னே அமர்ந்து, கன்னம் உப்ப ஒரே சுரத்தை இடையறாது ஊதிய ஒத்துக்காரரை எவரும் பொருட்படுத்தியதில்லை. சுருதிப் பெட்டி வந்து அவரது இடத்தைப் பிடித்தபோதும் அதனைப் பெரிய இழப்பாக எண்ணியவர் சிலரே. பேச்சு வழக்கிலோ ‘ஒத்து ஊதுதல்’ என்பது இகழ்ச்சிக்குரிய செயலாகவும் ஆகிவிட்டது. ஆயினும் அந்த ஒரு சுரம் அணுவளவு தளம்பினாலும் இராகம் முழுவதும் நிலைகுலையும் என்பதை இசையறிந்தோர் அறிவர்.

வால்வு என நாம் வழங்கும் வெற்றிடக் குழாய்களால் ஆன ஒலி விரியலாக்கியிலும் இத்தகைய ஒத்துக்காரர் ஒருவர் உளர். அவரே உயரழுத்த வழங்கல். விரியலாக்கியைப் பற்றிப் பேசுவோர் வால்வின் பெயரைச் சொல்வர். வெளியீட்டு நிலைமாற்றியின் எடையைச் சொல்வர். அவற்றுக்கெல்லாம் உணவூட்டும் முந்நூறு, நானூறு வோல்ற்று நேரோட்டம் எங்ஙனம் உண்டாயிற்று, அது எவ்வளவு அசையாது நிற்கின்றது என்பதைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலர். அவ்வழுத்தத்தை ஓர் ஒழுங்காக்கியினால் நிலைநிறுத்துவது வேண்டுமா, வேண்டுமாயின் எங்கே, எவ்வளவு என்பதே இக்கட்டுரையில் யான் ஆராய விரும்புவது.

இவ்வினா எனக்கு நூலிலிருந்து எழவில்லை. என் பெரியப்பா யாழ்ப்பாணக் கிராமம் ஒன்றில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் தொழில் செய்தவர். கோயில் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் கூம்பு ஒலிபெருக்கிகளையும் ‘மிசின்’ என்று அவர் அழைத்த வால்வு விரியலாக்கியையும் கொண்டு செல்வார். மின்கம்பி எட்டாத கோயில்களில் ‘லைற் எஞ்சின்’ ஓடும். வீதியிலே அலங்கார விளக்குகள் யாவும் ஒருசேர ஏற்றப்பட்டதும் எஞ்சின் சற்றே முனகும், விளக்குகள் மங்கும், அதனோடு பாட்டும் மெலியும். தவில்காரர் உருட்டி முழக்கும்போது நாதசுரம் ஒரு கணம் உள்ளே இழுக்கப்பட்டு மீளும். பாட்டு ஓய்ந்த இடைவெளிகளிலே கூம்பிலிருந்து ஓர் உறுமல் கேட்டுக்கொண்டே இருக்கும். இம்மூன்றும் மூன்று வெவ்வேறு நோய்கள் என்பதும், மூன்றும் உயரழுத்த வழங்கலினூடாகவே வருவன என்பதும் பௌதிகவியல் பயின்ற பின்னரே எனக்கு விளங்கின.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளல் வேண்டும். வால்வு ஒலியை உண்டாக்குவதில்லை. ஆங்கிலத்தில் ‘வால்வு’ என்ற சொல்லுக்குத் தடுக்கும் கதவு என்பதே பொருள். 1904ஆம் ஆண்டில் பிளெமிங் தமது இருவாயிக்கு அப்பெயரை இட்டார். 1906இல் டி பொறெஸ்ற் அதனுள் நெய்யரியைப் புகுத்தியதும் அக்கதவு நுண்மையாகத் திறந்து மூடக்கூடியதாயிற்று. வன்னிக் குளங்களில் துருசு இருப்பதுபோல, விரியலாக்கியில் வால்வு இருக்கின்றது. வயலுக்குப் பாயும் நீர் துருசினுடையதன்று, குளத்தினுடையது. அவ்வாறே ஒலிபெருக்கியை அசைக்கும் வலுவும் வால்வினுடையதன்று, உயரழுத்த வழங்கலினுடையது. வால்வு நெய்யரியில் வரும் சிறு சைகைக்கேற்ப அவ்வலுவைக் கூட்டியும் குறைத்தும் விடுகின்றது. எனவே நாம் செவிமடுக்கும் பாட்டின் மின்னோட்டம் முழுவதும் வழங்கலினூடாகச் சென்று மீள்கின்றது. வழங்கல் சுற்றுக்கு வெளியே நிற்கும் பணியாள் என்று எண்ணுவது பொருந்தாது. அது சுற்றின் ஓர் உறுப்பேயாகும்.

இனி, ஒழுங்காக்கப்படாத வழங்கல் எவ்வாறு இயல்கின்றது என நோக்குவோம். நிலைமாற்றி 230 வோல்ற்று ஆடலோட்டத்தை உயர்த்துகின்றது. சீராக்கி அதனை ஒரு திசைப்படுத்துகின்றது. பெருங் கொள்ளளவி ஒன்று குளம்போல் அதனைத் தேக்குகின்றது. 50 ஹேர்ட்ஸ் மின்வழங்கலின் முழு அலைச் சீராக்கத்தில் அக்குளம் செக்கனுக்கு 100 முறை நிரம்புகின்றது, இடையிடையே வடிகின்றது. 50 மைக்கிரோபரட் கொள்ளளவியிலிருந்து 100 மில்லியம்பியர் எடுப்போமாயின், ஒவ்வொரு தடவையும் அழுத்தம் ஏறத்தாழ 20 வோல்ற்று ஏறியிறங்கும். திருவிழாவிலே கேட்ட உறுமல் இக்குற்றலையின் குரலேயாம். சோக் எனப்படும் தூண்டிச் சுருளும் மற்றொரு கொள்ளளவியும் சேர்த்தால் உறுமல் பெரிதும் அடங்கும். ஆனால் ஏனைய இரண்டு நோய்களும் அதனால் தீர்வதில்லை.

அவற்றுள் ஒன்று மின்வழங்கலின் வீழ்ச்சி. 230 வோல்ற்று 200 ஆகக் குறையின், 430 வோல்ற்றாக இருந்த உயரழுத்தமும் அதே விகிதத்தில் 374 ஆகக் குறையும். 1990ஆம் ஆண்டின் பின் யாழ்ப்பாணக் குடாநாடு பல ஆண்டுகள் தேசிய மின்வழங்கலின்றி இருந்த காலத்தில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. மிதிப்பவரின் கால் சோர்ந்தால் செய்தியாளரின் குரலும் சோரும். அழுத்தத்தின் தளம்பல் நேரே ஒலியின் தளம்பலாவதை ஒரு தலைமுறையே தன் கால்களால் கற்றுக்கொண்டது.

மற்றையது இன்னும் நுட்பமானது. கொள்ளளவி தாழ்ந்த மீடிறன்களில் நாம் எண்ணுமளவுக்கு இளகியதன்று. 20 ஹேர்ட்ஸில் 50 மைக்கிரோபரட் கொள்ளளவி ஏறத்தாழ 160 ஓம் எதிர்ப்பைக் காட்டும். தவிலின் பேரொலிக்காக வெளியீட்டு வால்வுகள் திடீரென மிகுந்த மின்னோட்டத்தை இழுக்கும்போது, அவ்வெதிர்ப்பின் குறுக்கே அழுத்தம் வீழ்கின்றது. அதே வழங்கலிலிருந்து உணவு பெறும் முதற்கட்ட வால்வும் அவ்வீழ்ச்சியை உணர்கின்றது. உணர்ந்ததை மீண்டும் பெருக்கி வெளியீட்டு வால்வுக்கு அனுப்புகின்றது. இச்சுழல் கட்டுமீறினால் விரியலாக்கி தானாகவே ‘டுப், டுப்’ என அலையத் தொடங்கும். ஆங்கில நூலோர் இதற்கு மோட்டர்ப் படகுச் சத்தம் எனப் பெயரிட்டனர். நமது கரையோரங்களில் விடியற்காலையில் எழும் ஓசையைக் கேட்டவர்கள் அப்பெயரின் பொருத்தத்தை ஒப்புவர்.

முதற்கட்டம் எவ்வளவுக்குப் பாதிக்கப்படும் என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். ஈ.சி.சி. 83 என்னும் மூவாயியின் உட்தடை ஏறத்தாழ 62,500 ஓம். அதன் அனோட்டுச் சுமை 100,000 ஓம் எனக் கொள்வோம். அப்போது வழங்கலில் தோன்றும் அசைவின் 38 சதவீதம், சைகையோடு சைகையாக, அடுத்த கட்டத்துக்குச் சென்றுவிடும். வெளியீட்டுக் கட்டத்திலோ ஒன்று தள்ள மற்றொன்று இழுக்கும் இரட்டை வால்வுகள் இருப்பின், இருபுறமும் ஒரே அளவில் வரும் குற்றலை நிலைமாற்றியினுள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஆகவே, மிகுந்த மின்னோட்டம் எங்கே பாய்கின்றதோ அங்கேதான் ஒழுங்காக்கல் வேண்டும் என்ற பொதுவான எண்ணம் தலைகீழானது. சில மில்லியம்பியரே பருகும் முதற்கட்டத்துக்கே அது முதலில் வேண்டும்.

அழுத்தத்தை நிலைநிறுத்த இரு வழிகள் உள. குளத்தின் உவமையிலேயே அவற்றையும் கூறலாம். மிகுதியான நீரை வான் பாயவிட்டு மட்டத்தைக் காப்பது ஒன்று. துருசருகே காவலாளை நிறுத்தி மட்டத்தைப் பார்த்துப் பார்த்துத் திறந்து மூடுவது மற்றொன்று.

முதல் வழிக்கு மிக எளிய கருவி வாயு நிறைந்த ஒழுங்காக்கிக் குழாய். வீ.ஆர். 150 என்ற பழைய குழாய் மென்னூதா ஒளி வீசும். அதன் சிறிய உடன்பிறப்பு ஓ.ஏ. 2. இரண்டுமே தம் குறுக்கே 150 வோல்ற்றை ஏறக்குறைய மாறாது வைத்திருக்கும். ஓ.ஏ. 2இன் மின்னோட்டம் 5 மில்லியம்பியருக்கும் 30 மில்லியம்பியருக்கும் இடையில் இருத்தல் வேண்டும் என்பதே நிபந்தனை. இரண்டினைத் தொடரில் இணைத்தால் 300 வோல்ற்று கிடைக்கும். 430 வோல்ற்று வழங்கலிலிருந்து 6,500 ஓம் தடையியினூடாக 20 மில்லியம்பியர் வருகின்றது. முதற்கட்டங்கள் 5 மில்லியம்பியரைப் பருக, எஞ்சிய 15 குழாய்களினூடாக ‘வான் பாய்கின்றது’. வழங்கல் 374 வோல்ற்றுக்கு இறங்கினால் வருவது 11 மில்லியம்பியருக்குச் சற்று மேல், குழாய்களுக்கு 6 மிஞ்சும், அவை அணையா. அழுத்தம் பத்திலொரு பங்கு ஏறினாலும் குழாயின் பங்கு 22 மில்லியம்பியரைத் தாண்டாது. இவ்வளவையும் ஒரு தடையியும் இரண்டு கண்ணாடிக் குமிழ்களும் செய்துவிடுகின்றன. ஆனால் குமிழுக்குச் சமாந்தரமாகப் பெரிய கொள்ளளவியை இணைத்தல் ஆகாது. 0.1 மைக்கிரோபரட்டை மிஞ்சினால், அது தேங்கித் தேங்கி வெளியேறும் அலைவாக மாறிவிடும்.

இரண்டாம் வழி அறிவு சார்ந்தது. ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹண்ட், ஹிக்மன் ஆகிய இருவரும் 1939ஆம் ஆண்டில் இத்தகைய இலத்திரன் நிலைப்படுத்திகளை விரிவாக ஆராய்ந்து எழுதினர். வழங்கலுக்கும் சுமைக்கும் இடையே ஒரு வால்வு தொடரில் நிற்கும். வெளிவரும் அழுத்தத்தின் ஒரு பங்கினை இரண்டாம் வால்வொன்று வாயுக் குழாயின் மாறாத அழுத்தத்தோடு ஒப்பிடும். வெளியீடு சற்று ஏறினால், இரண்டாம் வால்வு முதலாவதின் நெய்யரியைத் தாழ்த்தும்; கதவு சற்று மூடும்; வெளியீடு மீளும். இறங்கினால் இதற்கு எதிர்மாறு நிகழும். இங்கு ஒன்று சிந்திக்கற்பாலது. ஒழுங்காக்கியும் ஒரு விரியலாக்கியே. பின்னூட்டலும் அதிற் பயில்கின்றது. ஆனால் அதற்குத் தரப்பட்ட சைகை ஓர் அசையாத அழுத்தம். எனவே அது பாட வேண்டிய பாட்டும் ஒரே சுரமே. நன்கு அமைந்த ஒழுங்காக்கியின் வெளியீட்டு எதிர்ப்பு சில ஓம்களுக்கோ அதற்கும் கீழோ இறங்கிவிடும். கொள்ளளவியின் 160 ஓமோடு அதனை ஒப்பிட்டு நோக்குக.

தொடர்நிலைக் காவலாளிக்கெனச் சிறப்பாக ஆக்கப்பட்டது 6 ஏ.எஸ். 7 ஜி என்ற இரட்டை மூவாயி. ஒவ்வொரு பாதியின் உட்தடையும் 280 ஓம் அளவே. அதன் கதோட்டு 300 வோல்ற்றில் நிற்பதால், வெப்பமாக்கும் இழைக்கு நிலைமாற்றியில் தனிச் சுற்று ஒதுக்குதல் வேண்டும். இன்று சிலிக்கனும் இப்பணியைச் செய்யும். எல்.எம். 317 என்ற ஒருங்கிணைந்த சுற்று தன் உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் இடையே 40 வோல்ற்றுக்கு மேல் தாங்காது. எனினும் அதன்முன் ஓர் உயரழுத்தத் திரான்சிற்றரை நிறுத்தி, சுமையைத் திரான்சிற்றர் தாங்க, ஒருங்கிணைந்த சுற்று சில வோல்ற்றுக்களை மட்டும் காணுமாறு மிதக்கவிடும் முறையை 1980இல் மைக்கேல் மைடா என்பார் வெளியிட்டார். அது மலிவானது, துல்லியமானது. ஆயினும் ஒரு கணக் குறுஞ்சுற்றை வால்வு பொறுத்துக்கொள்ளும், சிலிக்கன் பொறுத்துக்கொள்ளாது.

இவ்வளவும் கூறியபின் எதிர்வாதத்தையும் கூறாது விடுவது முறையன்று. 1947ஆம் ஆண்டில் வெளிவந்து, உயர்தர ஒலிக்கே இலக்கணமாகக் கொள்ளப்பட்ட வில்லியம்சன் விரியலாக்கியில் ஒழுங்காக்கி இல்லை. அதன் இரட்டைக் கே.ரி. 66 வால்வுகள் ஓய்விலும் உழைப்பிலும் ஏறத்தாழ ஒரே சராசரி மின்னோட்டத்தையே இழுப்பதால், வழங்கல் அசையக் காரணமே குறைவு. சோக்கும் கொள்ளளவிகளும் அங்கு போதுமாயின. மின் கிற்றார் வாசிப்போரோ இன்னும் ஒருபடி மேலே சென்று, பேரொலியில் அழுத்தம் தளர்ந்து மீளும் அந்த இழுபாட்டையே விரும்புவர். அவர்களுக்கு விரியலாக்கி வாத்தியத்தின் ஒரு பகுதி. அதன் தளர்ச்சியும் இசையின் ஒரு பகுதி. அதனை ஒழுங்காக்குவது அவர்கள் வாத்தியத்தின் நரம்பொன்றை அறுப்பது போலாகும்.

மேலும், அரைகுறை ஒழுங்காக்கல் தீங்காவதும் உண்டு. வெளியீட்டு வால்வின் நெய்யரிக்கு எதிர் அழுத்தத்தைத் தனி வழங்கலால் கொடுக்கும் அமைப்புக்களில், மின்வழங்கல் குறையும்போது அனோட்டின் அழுத்தமும் நெய்யரியின் கோடல் அழுத்தமும் சேர்ந்தே குறையும். ஒன்றன் விளைவை மற்றையது ஓரளவு ஈடுசெய்யும். அனோட்டை மட்டும் அசையாது நிறுத்திக் கோடல் அழுத்தத்தை அதன் போக்கில் விட்டுவிட்டால், மின்வழங்கல் தாழும் வேளையில் வால்வின் மின்னோட்டம் ஏறிவிடும். ஒன்றை நிலைநிறுத்துபவன், அதனோடு சேர்ந்து அசைந்துகொண்டிருந்தவை எவை என்பதையும் நோக்குதல் வேண்டும்.

பெரியப்பாவின் மிசின், மண்ணெண்ணெய்க்கே தட்டுப்பாடான ஆண்டுகளைப் பரணில் கழித்தபின் என் கைக்கு வந்தது. இரண்டு ஈ.எல். 34 ஐவாயிகள், முன்னே ஈ.சி.சி. 83கள். முதுமையடைந்த கொள்ளளவிகளை மாற்றிய பின்னர் என்ன செய்வது என எண்ணினேன். அதனை அவர் விட்ட நிலையிலேயே பேணுவதா, திருத்துவதா? அது காட்சிப் பொருளாக இருக்க வேண்டுமாயின் ஓர் ஆணியையும் தொடுதல் தகாது. ஆனால் அவர் அதனை ஒருநாளும் காட்சிப் பொருளாகக் கருதியவர் அல்லர். ஒவ்வொரு திருவிழாவுக்கு முன்னும் அதன் ஏதாவதோர் உறுப்பைத் திருத்தியவாறே இருந்தவர். அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்வதே அவரது தொழிலுக்குச் செய்யும் மரியாதை எனத் துணிந்தேன்.

முதற்கட்டங்களுக்கு இரண்டு ஓ.ஏ. 2 குமிழ்களை மேற்கூறிய கணக்கின்படி அமைத்தேன். ஐவாயியின் மின்னோட்டம் அனோட்டின் அழுத்தத்தைவிடத் திரை நெய்யரியின் அழுத்தத்தையே பெரிதும் சார்ந்தது. ஆதலால் திரைகளுக்கு 300 வோல்ற்றுத் தொடர் ஒழுங்காக்கி ஒன்றை ஆக்கினேன். கோடல் அழுத்தத்தையும் சிறு சேனர் இருவாயியால் நிறுத்தினேன். அனோட்டுக்களுக்குச் செல்லும் பேரோட்டத்தை மட்டும் அவர் அமைத்தவாறே விட்டுவைத்தேன். 100 மில்லியம்பியரில் 100 வோல்ற்றைக் கழிப்பதற்கு 10 உவாற்று வெப்பத்தை அந்த ஒடுங்கிய பெட்டியுள் கூட்டுவதால் வரும் நன்மை அதற்கு ஈடாகாது எனக் கண்டேன்.

முடிந்ததும் பெரியப்பாவை அழைத்து வந்து முன்னால் இருத்தினேன். அப்போது அவருக்கு எண்பது வயது கடந்திருந்தது. ஆளியைப் போட்டேன். சிறிது நேரம் பார்த்திருந்துவிட்டு, “மிசின் ஓடுதோ, தம்பி?” என்றார். அவர் அறிந்த உறுமல் இல்லாததால் அது ஓடுவதாகவே அவருக்குப் படவில்லை. பின்பு நாதசுர இசைத்தட்டு ஒன்றைச் சுழலவிட்டேன். தனி ஆவர்த்தனம் முடிந்து இருவரும் சேரும் இடம் வரும்வரை அவர் வாய் திறக்கவில்லை. பிறகு, “முந்தித் தவில் உருட்டேக்கை நாதசுரம் பதுங்கும். இப்ப பதுங்கேல்லை,” என்றார். அலைகாட்டியின் திரையில் யான் கண்டதை அவர் செவி ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டது.

அன்று அவர் சொன்ன இன்னொன்றையும், இத்துறையில் கைவைக்க எண்ணும் மாணவருக்காகக் குறித்தல் வேண்டும். மிசினின் அடிப்பக்கத்தைத் திறந்தபோது, “மற்றக் கையை முதுகுக்குப் பின்னாலை வை,” என்றார். இது பழைய தொழிலாளர் யாவரும் அறிந்த விதி. இரு கைகளும் உள்ளே சென்றால் மின்னோட்டம் ஒரு கையால் நுழைந்து இதயத்தினூடாக மறு கையால் வெளியேறக்கூடும். ஆளியை நிறுத்திவிட்டோம் என்பதும் காப்பன்று. 400 வோல்ற்றில் 100 மைக்கிரோபரட் கொள்ளளவி 8 யூல் சக்தியைத் தேக்கி வைத்திருக்கும். ஆளைக் கொல்ல அது போதுமானது. 100,000 ஓம் தடையி ஒன்றைக் கொள்ளளவியின் குறுக்கே நிலையாக இணைத்தால், 50 செக்கனில் அழுத்தம் மூன்று வோல்ற்றுக்கும் கீழ் இறங்கும். அத்தடையியும் எரிந்திருக்கலாம் என்பதால், அழுத்தமானியால் அளந்து பார்த்த பின்னரே விரலை வைத்தல் வேண்டும். ஒழுங்காக்கியைச் சேர்ப்பவர் புதிய கொள்ளளவிகளையும் சேர்க்கின்றார். அதனால் ஆபத்தையும் ஓரளவு கூட்டுகின்றார் என்பதை நினைவிற் கொள்வாராக.

சுலோவாக்கியாவிலும் ரசியாவிலும் சீனாவிலும் இன்றும் வால்வுகள் ஆக்கப்படுகின்றன. அவற்றை வாங்கி விரியலாக்கி அமைக்கும் இளைஞர் நம்மிடையேயும் உளர். ஒழுங்காக்கி எல்லாவற்றையும் நலமாக்கும் என்போரும், அது இசையின் உயிரைப் போக்கிவிடும் என்போரும் அவர்களை இருபுறமும் இழுப்பர். இரு சாராரும் அளக்காமற் பேசுகின்றனர் என்பதே என் எண்ணம். எந்தக் கட்டம் எவ்வளவு அசைவைப் பெறுகின்றது, அவ்வசைவு செவிக்கு எட்டுகின்றதா, அதனை நிறுத்த எவ்வளவு வெப்பத்தை விலையாகக் கொடுக்கின்றோம் என்ற மூன்றையும் அளந்துவிட்டால் விடை தானே கிட்டும். அவ்விடை விரியலாக்கிக்கு விரியலாக்கி வேறுபடும். பெரியப்பாவின் மிசினில் அது 300 வோல்ற்று, சில மில்லியம்பியர், மேசைமீது மென்மையாக ஒளிரும் இரண்டு கண்ணாடிக் குமிழ்கள்.